ஈறில் முளைத்த மருவும் பல் கல்லூரி மருத்துவமனையும்

பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால், குறைந்த செலவில் பல் பிடுங்கும் இடம் என்றுதான் எங்கள் பக்கம் நினைக்கிறார்கள். மாணவர்கள் கையில் வாயைக் கொடுக்கப் பயந்து, கொஞ்சம் வசதி உள்ளவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. என் கருத்து வேறு. பல் சொத்தைக்கு எங்கே வேண்டுமானாலும் போங்கள். ஆனால் ஈறில் ஒரு மரு, கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு, நாக்கில் ஆறாத புண் என்று எது வந்தாலும் முதலில் போக வேண்டியது கல்லூரி மருத்துவமனைக்குத்தான். அங்கே வாய் நோய்க்குறியியல் என்று ஒரு தனித் துறை உண்டு. வாயிலிருந்து எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து அது என்ன என்று சொல்வதே அவர்கள் வேலை. கோவைப் பக்கம் உள்ள ஒரு கல்லூரியில் என் மாமியாருக்காக அந்தச் சேவையை முழுசாகப் பயன்படுத்தினோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். துணியின் முகப்பை மட்டும் பார்த்து பாஸ் போடுகிற ஆள் எங்கள் மேஜையில் நிற்க முடியாது. திருப்பிப் பார்க்க வேண்டும், லென்ஸ் வைத்து நூலைப் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கத்தால்தானோ என்னவோ, இந்த விஷயத்தில் நான் விடாப்பிடியாக இருந்தேன்.

அத்தைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மேல் வரிசையில் இடது பக்கம் கழற்றி மாட்டுகிற பல்செட் உண்டு. சாப்பிட்ட பிறகு வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு போடுவார்; புகையிலை மட்டும் கிடையாது. பல்செட்டின் கம்பிக் கொக்கி பிடிக்கிற பல்லுக்குப் பக்கத்தில் ஈறு மேல் ஏதோ சொரசொரப்பாகத் தட்டுப்படுகிறது என்று நாக்கால் தடவித் தடவிச் சொல்லிக்கொண்டே இருந்தார். வலி இல்லை, ரத்தம் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் வெளுத்த மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு, மேல்பகுதி பொடிப்பொடியாக மருப் போல.

பக்கத்தில் உள்ள ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். "சாதாரண மருதான், லேசர்ல சுட்டு எடுத்துடலாம், பத்து நிமிஷ வேலை" என்றார்கள். எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்புவீர்களா என்று கேட்டேன். இதற்கெல்லாம் தேவையில்லை என்று பதில் வந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. வெற்றிலை பாக்குப் போடுகிற அறுபது வயதுப் பெண்ணின் ஈறில் வந்ததைச் சுட்டுப் போட்டுவிட்டால், அது என்னவாக இருந்தது என்று அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது? அப்பாயின்ட்மென்ட் வாங்காமலே கிளம்பினோம். வெளியே வந்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மிணி, அந்த வியாதியா இருக்குமோ?" என்றார். பேரைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை. "ஒண்ணும் இருக்காதுங்க அத்தை, எதுக்கும் பெரிய இடத்துல பாத்துட்டு வந்துரலாமுங்க" என்றேன்.

கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுப் போட்டதும் வாய் மருத்துவத் துறைக்கு அனுப்பினார்கள். அங்கே பார்த்தது ஒரு பி.ஜி. டாக்டர், இளம் பெண். அவர் பார்த்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சேவையின் பாதி அருமை அதில்தான் இருக்கிறது.

முதலில் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறதா என்று. வாயை எவ்வளவு அகலம் திறக்க முடிகிறது என்று அளந்தார். பாக்குப் போடுகிறவர்களுக்குக் கன்னச் சதை நார் நாராக இறுகி வாய் திறக்க முடியாமல் போகும், அது இருக்கிறதா என்று பார்க்கத்தான். அத்தைக்கு அது இல்லை. பிறகு பஞ்சுத் துணியால் அந்தத் திட்டைத் துடைத்தார். வெள்ளை வழித்துக்கொண்டு வந்தால் காளான் தொற்றாக இருக்கலாம், வரவில்லை. விரலால் அடியை அழுத்தி, கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்தார். மில்லிமீட்டர் கோடு போட்ட கம்பியால் அளவு எடுத்தார்: ஒரு சென்டிமீட்டருக்குள்தான். அதோடு விடாமல் பல்செட்டைக் கழற்றச் சொல்லி, அதன் ஓரத்தையும் கொக்கியையும் விரலால் தடவிப் பார்த்தார். கொக்கி முனை ஒரு இடத்தில் நீட்டிக்கொண்டிருந்தது; வாயில் மாட்டிப் பார்த்தால் அது உராய்கிற இடமும் மரு வந்த இடமும் ஒன்றுதான். போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

சீட்டில் அவர் ஒரே ஒரு நோயின் பெயரை எழுதவில்லை. இருக்கக்கூடியது எல்லாவற்றையும் வரிசையாக எழுதினார். வைரஸால் வருகிற பாப்பிலோமா என்கிற மரு முதலில். கெட்டதும் அதில் இருந்தது: வெருக்கஸ் கார்சினோமா, அதாவது மருப் போலவே மெதுவாக வளர்கிற ஒரு வகைப் புற்றுநோய். "மேலே பார்க்க இது எல்லாமே ஒரே மாதிரிதாங்கம்மா இருக்கும். உள்ளே பார்க்காம எதையும் சொல்ல மாட்டேன்" என்றார். பயமுறுத்தவும் இல்லை, ஒன்றுமில்லை என்று மழுப்பவும் இல்லை. எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

அறுவைப் பிரிவில் கத்தியால்தான் எடுத்தார்கள். லேசர் அங்கேயும் இருந்தது. ஏன் வேண்டாம் என்று கேட்டேன். சூட்டில் ஓரங்கள் கருகிவிடும், கருகிய இடத்தில் செல்கள் உருக்குலைந்து போகும், அப்புறம் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவருக்கு ஓரம் சுத்தமா இல்லையா என்று சொல்ல முடியாது என்றார்கள். மரத்துப்போகிற ஊசியைக்கூட மரு மேலேயே போடாமல் சற்றுத் தள்ளிச் சுற்றிலும் போட்டார்கள். மருந்து உள்ளே புகுந்து சதையின் அமைப்பை உப்பவைத்துவிடக் கூடாதாம். மேலாகச் சீவி எடுக்காமல், சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடும் அடியில் உள்ள சதையோடும் சேர்த்து வெட்டினார்கள். இந்த 'அடியோடு' என்பது எவ்வளவு முக்கியம் என்று ரிப்போர்ட் வந்த அன்றுதான் எனக்குப் புரிந்தது. எடுத்த துண்டை ஒரு கெட்டிக் காகிதத்தில் சுருளாமல் பரப்பி வைத்து, ஃபார்மலின் பாட்டிலில் போட்டு, பெயர், வயது, எடுத்த இடம் எல்லாம் எழுதி ஒட்டினார்கள். தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போட்டால் சதை கெட்டுவிடும், இது தெரியாமல் வெளியிலிருந்து கொண்டுவருகிறவர்கள் உண்டு என்று அங்கிருந்த செவிலியர் சொன்னார். தையல் போட்டு, ஈறு மேல் ஒரு பசை மாதிரி கட்டும் வைத்து அனுப்பிவிட்டார்கள். அத்தை அன்று சாயங்காலமே ஆறிய ரசம் சாதம் சாப்பிட்டார்.

ரிப்போர்ட் வரும் நாள் வரை வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. தையல் பிரிக்கப் போனபோது ரிப்போர்ட் தயார் என்றார்கள். வாங்கிப் பார்த்தால் முழுக்க ஆங்கிலம், அதிலும் எனக்குத் தெரியாத ஆங்கிலம். கடைசி வரியில் 'வெருசிஃபார்ம் சாந்தோமா' என்று போட்டிருந்தது. கவுன்டரில் இருந்தவரிடம் இது நல்லதா கெட்டதா என்று கேட்டால், டாக்டரைப் பாருங்கள் என்றார். சரி என்று நோய்க்குறியியல் துறை எங்கே என்று விசாரித்து நேராக அங்கேயே போனோம். நோயாளிகள் யாரும் போகாத இடம் அது. துறைப் பேராசிரியர் எங்களை வெளியே நிறுத்திவைக்கவில்லை. முதல் வார்த்தையாக, "கேன்சர் இல்லம்மா. கேன்சரா மாறுற ஜாதியும் இல்ல" என்றார் அத்தையைப் பார்த்து. அப்புறம் உட்காரச் சொன்னார்.

அதன்பிறகு நடந்ததுக்காகவே நான் இந்த மருத்துவமனைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். அவருடைய மைக்ராஸ்கோப் ஒரு திரையோடு இணைக்கப்பட்டிருந்தது. அத்தையின் ஸ்லைடை எடுத்து வைத்து எங்களுக்கே காட்டினார்.

ஸ்லைடு என்பது கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டிய மிக மெல்லிய ஒரு சீவல். சதையை மெழுகில் புதைத்து, மைக்ரோடோம் என்கிற கருவியில் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவுகிறார்கள். ஹீமடாக்சிலின், ஈயோசின் என்ற இரண்டு சாயம் ஏற்றுகிறார்கள். செல்லின் கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும். சாயப்பட்டறை ஊரிலிருந்து போனவள் என்பதால் எனக்கு இது உடனே பிடிபட்டது.

திரையில் மேலே ஒரு தடித்த தோல். அதன் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் காவி கலந்த ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று ஆப்பு அடித்தது போல இறங்கியிருந்தது. அது கெரட்டின், தோலின் மேல் காய்ந்து அடைகிற பொருள். இந்த நோயில் அது இப்படிப் பள்ளங்களுக்குள் அடைத்துக்கொள்ளும் என்றார். வெளியிலிருந்து பார்க்கும்போது தெரிந்த அந்தச் சொரசொரப்பு இதுதான்.

தோலின் அடிப்பகுதியிலிருந்து விரல் விரலாகச் சதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. "இது எல்லாம் எங்க நிக்குதுன்னு பாருங்க" என்று திரையில் குறுக்காகப் பேனாவை வைத்தார். எல்லாமே ஒரே மட்டத்தில் நின்றிருந்தன. ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலாகவும் இல்லை. வெருக்கஸ் கார்சினோமாவாக இருந்தால் இந்த விரல்கள் பருத்து, குமிழ் குமிழாக, கீழே உள்ள சதையைத் தள்ளிக்கொண்டு இறங்கியிருக்கும். செல்களின் உருவமும் இங்கே ஒழுங்காக இருந்தது; கருக்கள் பருக்கவில்லை, கன்னாபின்னாவென்று பிரியவில்லை.

அடுத்து அவர் லென்ஸை மாற்றிப் பெரிதாக்கினார். இரண்டு விரல்களுக்கு நடுவே உள்ள இடுக்கில் பெரிய பெரிய செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றும் வெளிறி, உள்ளே குட்டிக் குட்டிக் குமிழாக, நடுவில் ஒரு சின்னக் கரு. இவற்றுக்கு நுரை செல்கள் என்று பெயர். மேக்ரோஃபேஜ் என்று நம் உடம்பில் குப்பை அள்ளுகிற செல்கள் உண்டு. அவை கொழுப்பை விழுங்கி வயிறு உப்பிப் போனால் இப்படித் தெரியும். அந்தக் குமிழுக்குள் கொழுப்புதான் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, காலியாக இருக்கிறது என்றார். ஸ்லைடு தயாரிக்கும்போது சதையை ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறவைப்பதால் கொழுப்பு கரைந்து போய்விடும், அது இருந்த ஓட்டைதான் நுரை மாதிரி தெரிகிறது என்றார். இல்லாமல் போன ஒன்று விட்டுச் சென்ற இடத்தைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்கிறார்கள்! நான் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த நோயை உறுதியாக அடையாளம் காட்டுவது இந்த நுரை செல்கள்தான். அவை இருப்பது அந்த இடுக்குகளில் மட்டும். விரல்கள் முடிகிற மட்டத்துக்குக் கீழே அநேகமாக இருப்பதில்லை. அப்படியானால் மேலாக மட்டும் சீவி எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆரஞ்சுக் கெரட்டினும் தடித்த தோலும் மட்டும் ஸ்லைடில் வந்திருக்கும். பாப்பிலோமா என்றோ வேறு எதுவென்றோ எழுத வேண்டி வந்திருக்கும், சந்தேகத்தில் திரும்ப வெட்டவும் வேண்டி வந்திருக்கும். அறுவைப் பிரிவில் அடியோடு எடுத்ததன் பலன் இது. வெட்டுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் ஒரே கட்டடத்தில் பேச்சுவார்த்தை இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நுரை செல்கள் மேக்ரோஃபேஜ்தானா என்று உறுதிப்படுத்த சிடி68 என்று ஒரு சிறப்புச் சாயம் இருக்கிறதாம், அதற்குத் தனிச் செலவு. "இந்த ஸ்லைடுல அது தேவையே இல்ல, சாதாரண சாயத்துலயே தெளிவா இருக்கு" என்று அவரே சொல்லிவிட்டார். கூடுதல் டெஸ்ட் எழுதினால் நாங்கள் மறுப்புச் சொல்லாமல் கட்டியிருப்போம் என்று அவருக்கும் தெரியும். எழுதவில்லை.

அத்தைக்கு வேறு கவலை. கொழுப்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததும், "நெய்யும் எண்ணெயும் சேத்ததால வந்துதுங்களா?" என்று கேட்டார். டாக்டர் சிரிக்காமல், பொறுமையாகப் பதில் சொன்னார். கண் இமையில் மஞ்சள் திட்டு வருகிற சிலருக்கு ரத்தக் கொழுப்பு கூடியிருக்கும். இதற்கும் ரத்தக் கொழுப்புக்கும் சம்பந்தம் கிடையாது. இங்கே கொழுப்பு வருவது சாப்பாட்டிலிருந்து இல்லை, அந்த இடத்துத் தோல் செல்களிலிருந்தே. ஒரு இடத்தில் தோல் திரும்பத் திரும்ப அடிபட்டுச் சிதைந்தால், சிதைந்த செல்களின் சுவரில் உள்ள கொழுப்பு கீழே கசிகிறது, அதை அள்ள மேக்ரோஃபேஜ்கள் வந்து கூடுகின்றன, தின்றுவிட்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருக்கிற விளக்கம் இது, முடிந்த முடிவு இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

அந்த விளக்கத்துக்குப் பக்கபலமாக அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. லைக்கன் பிளானஸ் என்று வாய்த் தோல் நாள்பட அழற்சியாகிற நோய் உள்ளவர்களுக்கும், பெம்ஃபிகஸ் போலத் தோல் உரிந்து கொப்புளமாகிற நோய் உள்ளவர்களுக்கும், எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்ட பிறகு புது மஜ்ஜை உடம்பையே தாக்கி வாய்ப்புண் வந்தவர்களுக்கும் இதே சாந்தோமா வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான், தோல் செல்கள் தொடர்ந்து சிதைவது. பார்க்க மரு என்றாலும் மருவை உண்டாக்குகிற எச்.பி.வி. வைரஸ்தான் காரணம் என்று காட்ட முடியவில்லை. பெரும்பாலான சோதனைகளில் அந்த வைரஸ் அகப்படவே இல்லை. அதனால் இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. இதைக் கேட்டதும் அத்தைக்குப் பாதி உயிர் வந்தது. பேரக் குழந்தைகளுக்குத் தன் தட்டிலிருந்து சோறு ஊட்டுவதை அவர் நிறுத்தி வைத்திருந்தார், எங்களிடம்கூடச் சொல்லாமல்.

எங்கள் விஷயத்தில் பல்செட் கொக்கிதான் காரணமா? இருக்கலாம் என்றுதான் சொன்னார், ஆமாம் என்று அடித்துச் சொல்லவில்லை. கொக்கி உராய்ந்த இடமும் இதுவும் ஒன்றாக இருப்பதால் சந்தேகம் வலுக்கிறது, எப்படியும் செட்டை மாற்றிவிடுவது நல்லது என்றார். இந்த நோய் வாயில் அதிகம் வருவதும் ஈறிலும் பல் இல்லாத ஈற்று மேட்டிலும்தான், அதுவும் நாற்பது வயதுக்கு மேல். மேல் அண்ணத்திலும் நாக்கிலும் வந்ததும் உண்டு. வாய்க்கு வெளியே, பிறப்புறுப்புத் தோலில் வந்திருப்பதையும் மருத்துவத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். மொத்தத்தில் அரிதான ஒன்று. இதை முதலில் வாயில் அடையாளம் கண்டு 1971-இல் எழுதியவர் வில்லியம் ஷாஃபர் என்ற அமெரிக்க வாய் நோய்க்குறியியல் நிபுணர். பக்கத்தில் நின்ற மாணவர்களைக் காட்டி, "இவங்க படிக்கிற பாடப்புத்தகமே அவர் பேர்லதான் இருக்கு. ஆனா நேர்ல ஒரு ஸ்லைடு பாக்குறது அபூர்வம்" என்றார். அந்தப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து அத்தையின் ஸ்லைடைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண் அத்தையிடம் வந்து, "தேங்க்ஸ் பாட்டி" என்றாள். அத்தை அவளுக்கு என்ன ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

சிகிச்சை என்று தனியாக எதுவும் இல்லை. முழுசாக எடுத்தாயிற்று, ஓரம் சுத்தமாக இருக்கிறது, திரும்ப வருவது அபூர்வம். ஆனால் வெற்றிலை பாக்கு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த மரு பாக்கால் வந்தது என்று அவர் சொல்லவே இல்லை. புகையிலை இல்லாத பாக்குகூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே வந்துவிட்டது என்றும், வெறும் பாக்குத்தானே என்று நினைக்கிறவர்கள்தான் தங்களிடம் வாய் திறக்க முடியாமல் வருகிறார்கள் என்றும் அத்தையிடம் நேராகவே சொன்னார். வீட்டில் நாங்கள் எத்தனையோ வருடமாகச் சொல்லிக் கேட்காதவர் அங்கே தலையாட்டினார். இப்போது பாக்குக்குப் பதில் சோம்பு. சில சமயம் வெறும் வெற்றிலையில் கல்கண்டு வைத்து மெல்லுகிறார்.

இனிக் குறைகள். நிறையவே இருக்கின்றன.

காத்திருப்பு அதிகம். ஓ.பி. சீட்டு ஓரிடம், பணம் கட்டுவது ஓரிடம், எக்ஸ்ரே வேறு மாடி. வயதானவர்கள் ஏறி இறங்கியே களைத்துவிடுவார்கள். லிஃப்ட் முன்னால் எப்போதும் கூட்டம். உட்காரப் போட்டிருக்கும் நாற்காலிகளில் பாதிக்குச் சாய்மானம் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரிப்போர்ட் கவுன்டரை மூடிவிடுகிறார்கள், அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை.

ஒரே வாயைப் பலர் பார்ப்பார்கள். முதலில் ஹவுஸ் சர்ஜன், அப்புறம் பி.ஜி., அப்புறம் பேராசிரியர், கூடவே மாணவர்கள். கற்றுக்கொடுக்கிற இடம் என்பதால் எனக்கு அதில் வருத்தம் இல்லை. நாலு கண் பார்ப்பது நல்லதும்கூட. ஆனால் பார்ப்பதற்கு முன் நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். சில பிள்ளைகள் கேட்டார்கள், சிலர் கேட்காமலே கண்ணாடியை வாய்க்குள் விட்டார்கள்.

பெரிய குறை ரிப்போர்ட்தான். வேலை அவ்வளவு சுத்தமாகச் செய்துவிட்டு, கடைசியில் நோயாளி கையில் கொடுக்கிற தாளில் ஒரு வரி தமிழ் இல்லை. 'கட்டி கெட்டதில்லை, முழுசாக எடுக்கப்பட்டது, இத்தனை மாதத்தில் மறுபடி காட்டவும்' என்று தமிழில் அச்சடித்து ஒட்டினால் போதும். நாங்கள் துறை வரை தேடிப் போனதால் தெரிந்துகொண்டோம். கவுன்டரோடு திரும்பிப் போகிறவர்கள் அந்த ஆங்கிலப் பெயரைப் போனில் தட்டிப் பார்த்து, பஸ்ஸிலேயே அழுதுகொண்டு போவார்கள். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு அம்மாவின் முகத்தில் அந்தப் பயத்தைப் பார்த்தேன். அவரையும் துறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

செலவைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. லேசருக்கு அந்தக் கிளினிக் கேட்ட தொகையில் ஒரு சின்னப் பங்குதான் வெட்டி எடுத்தது, தையல், திசுப் பரிசோதனை எல்லாம் சேர்த்து ஆனது.

யாருக்கு இந்த இடம் ஒத்துவரும், யாருக்கு வராது? அவசரக்காரர்களுக்கு வராது. அரை நாள் லீவு போட்டுவிட்டு எல்லாம் முடிய வேண்டும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வாயில் இருப்பது என்ன என்று உறுதியாகத் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. தனியார் கிளினிக்கிலேயே வெட்டிக்கொண்டாலும் பரவாயில்லை. எடுத்த சதையை ஃபார்மலினில் போட்டு, எடுத்த இடம், அளவு, சந்தேகப்படுவது என்ன என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, இங்கே கொண்டுவந்து கொடுத்தாலும் பார்த்துச் சொல்கிறார்கள். அந்தக் குறிப்பு மட்டும் அவசியம் வேண்டும். ஈறில் இருந்ததா நாக்கில் இருந்ததா, பாக்குப் பழக்கம் உண்டா என்று தெரியாமல் ஸ்லைடை மட்டும் பார்த்துச் சொல்வது தங்களுக்கும் சிரமம் என்று பேராசிரியரே சொன்னார்.

போகிறவர்கள் காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். பல்செட் இருந்தால் வாயில் மாட்டியபடியே போங்கள், பழைய செட்டைத் தூக்கிப் போட்டிருந்தால் அதையும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டு வேண்டும், முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற மாத்திரை ஏதாவது இருந்தால். ரிப்போர்ட் வாங்கியதும் கவுன்டரிலிருந்தே திரும்பாமல், எழுதிய டாக்டரை ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

அத்தைக்கு அதே மருத்துவமனையின் செயற்கைப்பல் பிரிவில் புதுச் செட் செய்து கொடுத்தார்கள், கொக்கி ஈறில் படாதபடி. அப்புறம் போய்க் காட்டினோம். தழும்பு இருந்த இடம்கூட ஈறோடு ஈறாகிவிட்டது. வருடம் ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்றிருக்கிறார்கள். மெழுகில் புதைத்த சதைத் துண்டை அவர்கள் தூக்கிப் போடுவதில்லை, எண் போட்டு வைத்திருக்கிறார்கள். பின்னாளில் வேறு டாக்டர் பார்க்க வேண்டும் என்றால் அதிலிருந்து புதுச் சீவல் எடுத்துக் கொடுப்பார்களாம். அந்த எண் ரிப்போர்ட்டின் மேல் மூலையில் இருக்கும், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.